லாவோஸ் வராது

மரியநாயகியைப் பற்றி யார் எழுதினாலும் என்னை இரண்டு வார்த்தை திட்டாமல் எழுத முடியாது. ஆகவே நானே எழுதிவிடுவது நல்லது என்று பட்டது. இன்றைக்கு அவள் டென்மார்க்கில், கோல்டிங் ஆஸ்பத்திரியில் தாதி. வெள்ளைச் சட்டையில் பெயரைக் குத்திக்கொண்டு அவள் நடந்து வரும் வேகத்தைப் பார்த்து டாக்டர்மாரே ஒதுங்கி வழிவிடுவார்கள். அந்த வெள்ளைச் சட்டை கிடைக்காமல் போகப் பார்த்தது. நான் சொன்ன இரண்டு சொல்தான் காரணம். லாவோஸ் வராது.

நான் கோகிலா, நெல்லியடி. பள்ளிக்கூட நாளில் ஊகத்துக்குப் பெயர் போனவள். யாழ்ப்பாணத்தில் படித்தவர்களுக்கு இந்த வித்தையை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பாடப்புத்தகம் முழுவதையும் படிப்பவன் மடையன். போன மூன்று வருஷத்து வினாத்தாளை விரித்து வைத்து, இந்த முறை எது வரும், எது வராது என்று கணித்து, வருவதை மட்டும் பாடமாக்குகிறவன் கெட்டிக்காரன். நான் கணித்துச் சொன்ன கேள்விகளை நம்பி என் வகுப்பில் பதினொரு பேர் பல்கலைக்கழகம் போனார்கள். நான் போகவில்லை, அது வேறு கதை.

மரியநாயகி, எங்களுக்கு நாயகி, மட்டக்களப்பு, புளியந்தீவுக்காரி. எண்பத்தெட்டில் டென்மார்க்குக்கு வந்தவள். வந்த நாளிலிருந்து ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. குளிப்பாட்டுவது, உடுப்பு மாற்றுவது, சாப்பாடு தீத்துவது. பதினாலு வருஷம் அதைச் செய்தாள். மாத்திரையை யார் கொடுப்பது, ஊசியை யார் போடுவது என்று வரும்போது மட்டும் அவளை விலகி நிற்கச் சொல்வார்கள். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. “ராவும் பகலும் அவங்களோட கிடக்கிறவள் நான். ஊசிக்கு மட்டும் வேற ஆள் வரணுமா கா?” என்பாள். அவர்கள் ஊரில் பேச்சுக்குப் பேச்சு ஒரு ‘கா’ வரும். நாற்பத்தொரு வயதில் தாதிப் பள்ளிக்குப் போவது என்று முடிவெடுத்தாள். அதற்கு முதலில், வளர்ந்தவர்கள் படிக்கும் பள்ளியில் சில பாடங்கள் சித்தியடைய வேண்டும். துணைக்கு என்று நானும் சேர்ந்தேன். எனக்குத் தாதியாகும் எண்ணம் கிடையாது. வகுப்பில் கோப்பி நன்றாக இருக்கும்.

ஒவ்வொரு பாடமாக முடித்து, 2002ஆம் ஆண்டு வசந்தத்தில் அவளுக்கு மிஞ்சியிருந்தது சரித்திரம் ஒன்றுதான். தாதிப் பள்ளியிலிருந்து கடிதமும் வந்துவிட்டது. செப்டெம்பரில் இடம் உண்டு, யூனில் சரித்திரம் சித்தியடைந்தால். தவறினால் ஓகஸ்டில் மறுபரீட்சை எழுதலாம். ஆனால் ஓகஸ்டில் அவள் டென்மார்க்கில் இருக்கப்போவதில்லை. அந்தப் பெப்ரவரியில்தான் ஊரில் யுத்தநிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. பாதை திறக்கிறது, சோதனைச் சாவடி எடுபடுகிறது என்று தினமும் ஒரு செய்தி. யுத்தம் முடிந்துவிட்டது என்று எல்லாரும் சொன்னோம். பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆனால் அந்த யூனில் எங்களுக்குத் தெரியாது, அதனால் நாங்கள் சந்தோஷமாக இருந்தோம், அதை இப்போது மறைத்து எழுத நான் விரும்பவில்லை. யூலை இரண்டாம் திகதிக்கு ரிக்கற் எடுத்தாயிற்று. பதினாலு வருஷத்துக்குப் பிறகு தாயைப் பார்க்கப் போகிறாள். ஆகவே யூனில் பாஸ் பண்ண வேண்டும். இல்லாவிட்டால் ஒன்றில் தாய், ஒன்றில் தாதிப் பள்ளி.

இந்த நிலையில்தான் அவள் என்னிடம் வந்து, “கோகிலாக்கா, எது வரும்?” என்று கேட்டாள்.

எங்கள் ஆசிரியை பிர்கிட் ஆறு பகுதி படிப்பித்திருந்தாள். ஐந்து டென்மார்க் சம்பந்தப்பட்டவை. வைக்கிங் காலம், 1864 யுத்தத் தோல்வி, விவசாயிகளின் கூட்டுறவு, ஜேர்மன்காரன் பிடித்து வைத்திருந்த ஐந்து வருஷமும் விடுதலையும், கடைசியாக நலன்புரி அரசு. ஆறாவது, லாவோஸ். கடலே இல்லாத அந்த நாட்டின் பழைய இராச்சியமும் பிரெஞ்சு ஆட்சியும். ஏன் லாவோஸ் என்றால், பிர்கிட் போன வருஷம் அங்கே சைக்கிளில் சுற்றி வந்தவள். படங்களைக் காட்ட அவளுக்கு ஒரு சாட்டு வேண்டும். நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

“லாவோஸ் வராது” என்றேன். “டென்மார்க்கில சோதினை வைக்கிறவன் லாவோஸைக் கேப்பானே? அதைத் தூக்கி எறி. அஞ்சையும் பாடமாக்கு.”

டெனிஷ் சோதனை எப்படி நடக்கும் என்று இப்போது சொன்னால் என் கெட்டித்தனம் உங்களுக்கு விளங்கும். பச்சைத் துணி விரித்த மேசையில் சீட்டுகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். மாணவன் போய் ஒன்றை எடுக்க வேண்டும். எடுத்ததைப் பற்றி அரை மணித்தியாலம் தனியே இருந்து ஆயத்தம் செய்யலாம். பிறகு ஆசிரியர் முன்னாலும், வெளியூரிலிருந்து வந்த சென்சோர் என்ற பரீட்சகர் முன்னாலும் இருந்து வாயால் சொல்ல வேண்டும். சீட்டிழுக்கும் சோதனைக்கு நான் கேள்வி ஊகித்துக் கொடுத்தேன். அவளும் வாங்கிக்கொண்டு போனாள். இருவருக்கும் அதில் ஒரு பிழையும் தெரியவில்லை.

ஐந்து பகுதியையும் அவள் எங்கள் முறைப்படியே பாடமாக்கினாள். டெனிஷைத் தமிழ் எழுத்தில் எழுதி, பஸ்ஸில் முணுமுணுத்து, கறி கிளறும்போது ஒப்புவித்தாள். மகள் கஜந்திக்குப் பன்னிரண்டு வயது. கொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பிழை பிடிப்பாள். டெனிஷில் தாய்க்கு ‘மோர்’ என்று பெயர். “மோர், அது அப்படி இல்லை, மோர்” என்று அந்தப் பிள்ளை நாளெல்லாம் கத்த, கேட்கிறவர்களுக்குத் தாகம் எடுக்கும்.

லாவோஸ் புத்தகம் மட்டும் பாடமாக்கலுக்குத் தப்பிவிட்டது. சோதனைக்கு வராது என்று தெரிந்தபடியால் அவள் அதைத் தேத்தண்ணியோடு கதைப் புத்தகமாக வாசித்தாள். அங்கேதான் வில்லங்கம் தொடங்கியது.

ஒரு ஞாயிறு மத்தியானம் அவர்கள் வீட்டில் சாப்பாடு. அவளுடைய கணவன் சிவபாலன் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டை ஆள், கோல்டிங்கில் பஸ் ஓட்டுகிறவன். நல்ல மனிதன், கொஞ்சம் ரோசக்காரன். மீன் குழம்பை ஊற்றிக்கொண்டே நாயகி கதை சொல்லத் தொடங்கினாள். ஃபா ங்கும் என்று ஒரு இளவரசன். சின்ன வயதிலேயே நாட்டைவிட்டுத் துரத்தப்பட்டு, கம்போடிய அரசனின் அரண்மனையில் வளர்ந்து, அங்கேயே பெண் கட்டி, மாமனாரின் படையோடு திரும்பி வந்து சிதறிக் கிடந்த சின்னச் சின்ன நாடுகளைச் சேர்த்தவன். ஆயிரத்து முந்நூற்று ஐம்பத்து மூன்றில் தன் இராச்சியத்துக்கு ‘லான் சாங்’ என்று பெயர் வைத்தான். பத்து இலட்சம் ஆனை என்று அர்த்தம்.

“பத்து லட்சத்த ஆர் கா எண்ணின?” என்றாள் நாயகி.

“மோர், அது வெறும் பெயர்” என்றாள் கஜந்தி டெனிஷில்.

“உனக்கென்ன தெரியும். ஆனையோட வெள்ளைக் குடையும் வைச்சிருந்தவனாம் ராசா.”

முந்நூறு வருஷத்துக்கு மேல் நன்றாக இருந்த இராச்சியம் பிறகு சகோதரச் சண்டையில் மூன்றாக உடைந்தது. உடைந்ததைச் சியாம்காரன் ஒவ்வொன்றாக விழுங்கினான். வியந்தியான் நகரத்தை ஒருமுறை எரித்துத் தரைமட்டமாக்கினான். ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்று மூன்றில் பிரெஞ்சுக்காரன் பீரங்கிக் கப்பலைக் கொண்டுபோய் பாங்கொக்கில் நிறுத்தி, மேகொங் ஆற்றுக்குக் கிழக்கே உள்ளதெல்லாம் தனக்கு என்று எழுதி வாங்கினான். ஆற்று வழியாகச் சீனாவுக்குப் போகலாம் என்று அவன் ஆசை. போய்ப் பார்த்தால் ஆற்றின் நடுவில் பெரிய நீர்வீழ்ச்சி. கப்பலைத் துண்டு துண்டாகக் கழற்றி, அங்கிருந்த தீவில் ஒரு குட்டி ரயில்பாதை போட்டு, அதில் ஏற்றி, மறுபக்கத்தில் திரும்பப் பூட்டினார்கள்.

“கப்பலை ரயிலில ஏத்தினவங்களோ?” சிவபாலன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டான். ரயில் என்றால் அவனுக்கு உயிர். காரணம் சுவரில் தொங்கியது.

சுவரில் அவனுடைய அப்பப்பாவின், தகப்பனைப் பெற்றவரின் படம். மலாயா நமசிவாயம். கோட்டும் தலைப்பாகையும், கையில் மடக்கிய குடையும். வெள்ளைக்காரன் காலத்தில் மலாயா ரயில்வேயில் கிளாக்கராக இருந்தவர். சோதனை எழுதி ஒரே தரத்தில் பாஸ் பண்ணிக் கப்பல் ஏறியவர் என்பது அந்தக் குடும்பத்தின் வேதம். அந்த வீட்டுக்கு முதல் தரம் போகிறவர்களுக்குக் கோப்பி வரும் முன்னே அந்தக் கதை வரும்.

நாயகி படத்தைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது.

“இஞ்சாருங்கோ, லாவோஸிலயும் உங்கட ஆக்கள் இருந்திருக்காங்க” என்றாள்.

“என்ர ஆக்களோ?”

“நாடு முழுக்கச் சில நூறு பிரெஞ்சுக்காரன்தான். அவனால கந்தோர் நடத்த ஏலுமா? பக்கத்து வியட்நாமில சோதினை பாஸ் பண்ணின ஆக்களைக் கொண்டுவந்து தபால் கந்தோர், சுங்கம், பள்ளிக்கூடம் எல்லாத்திலயும் குந்த வைச்சிருக்கான். அவங்க மேசைக்குப் பின்னால இருந்து லாவோஸ்காரன அதட்டியிருக்காங்க. உங்கட அப்பப்பா மலாயாவில அதத்தானே செஞ்சவர்? எங்கட மட்டக்களப்புக் கச்சேரிக் கந்தோரிலயும் உங்கட யாழ்ப்பாணத்து ஆக்கள்தானே இருந்த?”

சிவபாலன் கை கழுவ எழுந்துவிட்டான். குழம்பு பாதி இருந்தது.

அந்தச் சண்டை ஒரு கிழமை ஓடியது. இருவரும் தனித்தனியே எனக்கு ரெலிபோன் எடுத்து நியாயம் கேட்டபடியால் எனக்கு எல்லாம் தெரியும். வெயில் மழை பாராமல் ரயிலை நேரத்துக்கு ஓட வைத்தவர் அப்பப்பா என்பான் அவன். அவள் புத்தகத்தைத் திறந்து, தலைவரி கட்டாதவன் பேரை எழுதினது யார், சம்பளமில்லாமல் றோட்டுப் போட ஆட்களைப் பிடித்தது யார் என்று கேட்பாள். அந்தக் கட்டாய வேலைக்கு டெனிஷில் நீளமான ஒரு சொல் இருந்தது. அவள் ‘இராசகாரியம்’ என்று ஒரே சொல்லில் முடித்தாள். அவன் மறுநாள் இன்னொரு நியாயத்தோடு வருவான். அவள் மறுபடியும் புத்தகத்தை எடுப்பாள். ஒருநாள் அவன் குரலை இறக்கிச் சொன்னான்.

“ஊரில ஒரு பரப்புக் காணி இல்லை, நாயகி. அஞ்சு பெட்டைச் சகோதரம். அந்த மனிசனிட்டை இருந்தது எழுத்து மட்டும்தான். என்ன செய்யச் சொல்லுறாய்?”

அன்றைக்கு அவள் புத்தகத்தைத் திறக்கவில்லை. அவனும் இரண்டு நாள் அவளோடு கதைக்கவில்லை.

மே நாலாம் திகதி வந்தது. அன்றைக்குப் பொழுதுபட இங்கே வீட்டுக்கு வீடு யன்னலில் மெழுகுதிரி ஏற்றுவார்கள். நாற்பத்தைந்தில் ஜேர்மன்காரன் சரணடைந்த செய்தி அந்த மாலையில்தான் வானொலியில் வந்ததாம், குண்டுக்குப் பயந்து தொங்கவிட்ட இருட்டுச் சீலையைக் கிழித்து எறிந்துவிட்டு வெளிச்சம் வைத்தார்களாம். கஜந்தி பள்ளியில் கேட்டு வந்ததிலிருந்து சிவபாலன் வருஷம் தவறாமல் ஒன்று ஏற்றுவான். அந்த வருஷம் இரண்டு ஏற்றினான்.

“மற்றது எதுக்கு?” என்று கேட்டாள் நாயகி. இரண்டு நாளுக்குப் பிறகு வீட்டில் கேட்ட முதல் கதை அது.

“எங்கட யுத்தம் முடிஞ்சதுக்கு” என்றான் அவன். பிறகு, “ரெண்டும் முடிஞ்சுது எண்டு வைப்பம்” என்றான். அவள் சிரித்துவிட்டாள். அத்தோடு லாவோஸும் முடிந்தது என்று நாங்கள் எல்லாரும் நினைத்தோம்.

சோதனை யூன் பத்திலும் பதினொன்றிலும். எனக்குப் பத்தாம் திகதி. நான் இழுத்தது ஜேர்மன்காரன் காலம். பாடமாக்கியதை மூச்சு விடாமல் ஒப்புவித்து எட்டு வாங்கினேன். வெளியே வந்து, “பாத்தியே, என்ர ஊகம்” என்று நாயகியிடம் சொல்லவும் சொன்னேன். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். நான் ஆனையைவிடச் சத்தமாகச் சறுக்கப் போகிறேன் என்று அப்போது தெரியாது.

பதினோராம் திகதி செவ்வாய்க்கிழமை டென்மார்க் முழுவதும் வேலை செய்வதுபோல நடித்துக்கொண்டிருந்தது. கொரியாவில் உலகக் கிண்ண உதைபந்தாட்டம், டென்மார்க்கும் பிரான்சும். எங்களுக்குக் காலை எட்டரைக்கே ஆட்டம் தொடங்கிவிட்டது. பள்ளிக் காவலாளி தன் அறைக் கதவைத் திறந்து வைத்து ரேடியோவை உச்சத்தில் விட்டிருந்தான். நடைபாதையில் போட்டிருந்த வாங்கில் சிவபாலன், கஜந்தி, நான். சிவபாலன் லீவு எடுத்திருந்தும் பஸ் யூனிபோர்மில் வந்திருந்தான். அவனிடம் இருந்த நல்ல கோட்டு அதுதான்.

பத்து மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கையில் நாயகி உள்ளே போய்ச் சீட்டு எடுத்தாள். வெளியே வந்தாள். ஆயத்தம் செய்யும் அறைக்குப் போகிற வழியில் என் முன்னால் நின்றாள்.

“கோகிலாக்கா, லாவோஸ் வந்திட்டு கா.”

அவ்வளவுதான் சொன்னாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். சிவபாலன் என்னைத் திரும்பிப் பார்த்தான், ரிக்கற் இல்லாமல் ஏறிய பிரயாணியைப் பார்க்கிறதைப் போல. நான் என் கைப்பையைத் திறந்து ஒன்றையும் தேடாமல் தேடினேன். தாதிப் பள்ளி, பதினாலு வருஷம் காணாத தாய், இரண்டையும் என் வாய் தின்றுவிட்டது என்று எனக்கு உண்மையிலேயே அழுகை வந்தது.

அவள் அறைக் கதவு சாத்தி ஐந்து நிமிஷம் ஆகவில்லை, டென்மார்க் இரண்டாவது கோல் போட்டது. நடைபாதை கிடுகிடுத்தது. வகுப்பறைகளிலிருந்து ஆசிரியர்கள் ஓடிவந்து ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்தார்கள். பிர்கிட் குதித்ததில் அவளுடைய மூக்குக்கண்ணாடி விழுந்தது. நாங்கள் மூன்று பேர் மட்டும் செத்தவீட்டு வாங்கில் இருந்தோம். பத்து இருபதுக்கு ஆட்டம் முடிந்தது. உலகக் கிண்ணத்தை வைத்திருந்த பிரான்ஸ் ஒரு கோல்கூடப் போடாமல் வீட்டுக்குப் போனது. நாயகி கதவைத் திறந்துகொண்டு சோதனை அறைக்குள் போனாள்.

உள்ளே நடந்ததை அவள் நூறு தரம் சொல்லியிருக்கிறாள். கூட்டிச் சொல்கிறாளோ என்று நான் பிர்கிட்டிடமும் விசாரித்திருக்கிறேன். கூட்டவில்லை.

சென்சோர் ஓடென்ஸ நகரத்திலிருந்து வந்த ஒரு நெட்டை மனிதர். வெற்றியில் காதுவரை சிரிப்பு. சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, “பிரெஞ்சுக்காரர் பற்றியா? இன்றைக்கு அவர்களைப் பற்றி எவ்வளவு நேரமும் கேட்கலாம்” என்றார்.

நாயகியிடம் ஒப்புவிக்க ஒன்றும் இல்லை. லாவோஸுக்குத் தமிழ் எழுத்தில் எழுதிய கொப்பி கிடையாது. ஆகவே மீன் குழம்பு ஊற்றும்போது எப்படிச் சொன்னாளோ அப்படியே சொன்னாள். ஆனையை யார் எண்ணினது என்று சென்சோரிடமே கேட்டாள். கப்பலை ரயிலில் ஏற்றினாள். அவர் பேனையை வைத்துவிட்டுக் கேட்டார். பிறகு, இவ்வளவு பெரிய நாட்டை இவ்வளவு கொஞ்சப் பிரெஞ்சுக்காரர் எப்படி ஆண்டார்கள் என்று கேட்டார். அவளுக்கு இலேசான கேள்வி. அரச உத்தியோகத்தருக்கு டெனிஷில் உள்ள சொல்தான் அந்த நேரம் பார்த்து ஒளித்துவிட்டது. கிளாக்கர் என்றால் உலகம் முழுக்க விளங்கும் என்று நினைத்து, அதன் வாலை வெட்டி, “வியட்நாமிலிருந்து கிளார்க்குகளைக் கொண்டுவந்தார்கள்” என்றாள்.

டெனிஷிலும் அப்படி ஒரு சொல் இருக்கிறது. பழைய சொல். கோயில் குருவானவர் என்று அர்த்தம்.

“பாதிரிமாரையா?” என்றார் சென்சோர்.

“ஓம். நிறையப் பேர்.”

“என்ன செய்வதற்கு?”

“தபால் கந்தோர். சுங்கம். வரி.”

“பாதிரிமார் வரி அறவிட்டார்களா?”

“அதுக்கெண்டு சோதனை இருக்கு. பாஸ் பண்ணினால்தான் பாதிரி.” அவர் நம்பவில்லை என்று தெரிந்ததும் அவள் ஆதாரம் காட்டினாள். “என் கணவருடைய அப்பப்பாவும் ஒரு பாதிரிதான். மலாயாவில். ரயில்வேயில்.”

“ரயில்வேப் பாதிரி” என்றார் சென்சோர் மெதுவாக.

“ஓம். ஒன்பது பிள்ளைகள்.”

பிர்கிட் பச்சைத் துணியில் தலையைக் கவிழ்த்துவிட்டாள். சென்சோர் முதலில் அடக்கிப் பார்த்து, பிறகு முடியாமல் வெடித்தார். அந்தச் சிரிப்பு கதவைத் தாண்டி எங்களிடம் வந்தது. சிவபாலன் எழுந்து நின்றான்.

“சிரிக்கிறாங்கள், அக்கா. அவளை வைச்சுச் சிரிக்கிறாங்கள்.” கதவைத் தட்டப் போனவனைக் கஜந்திதான் கோட்டில் பிடித்து இழுத்து இருத்தினாள்.

உள்ளே நாயகிக்கு எங்கோ பிழைத்துவிட்டது என்று விளங்கியது. அவள் எழுந்தாள். பிர்கிட்டின் பேனையை எடுத்துக் காதில் செருகினாள். முன்னால் நிற்பவனைப் பார்க்காமலே கையை நீட்டிக் கடதாசி வாங்கினாள். மேசையில் ஓங்கி ஒரு முத்திரை குத்தினாள். பிறகு, நாளைக்கு வா என்று கையால் காட்டினாள். சென்சோர் கதிரையிலிருந்து எழும்பி, தொலைந்துபோன அந்த டெனிஷ் சொல்லைச் சொன்னார். “ஓம், ஓம், அதுதான்” என்றாள் நாயகி. மூன்று பேருக்கும் மூச்சு வந்தது.

“அப்படியானால் அந்த வியட்நாம்காரர்கள் கெட்டவர்களா?” இதைக் கேட்கும்போது சென்சோர் சிரிக்கவில்லை.

நாயகி காதிலிருந்த பேனையை எடுத்து மேசையில் வைத்தாள். ஒரு கிழமைச் சண்டையில் மறுமொழி சொல்ல முடியாமல் போன இடம் அது. “அவர்களுக்கு ஊரில் காணி இல்லை. எழுத்து மட்டும்தான் இருந்தது” என்றாள். “அந்தக் கதிரையைச் செய்தவன் பிரெஞ்சுக்காரன். ஆனால் அவன் அதில் இருக்கவில்லை, இவர்களை இருத்தினான். லாவோஸ் விவசாயி சாகும்வரை ஒரு பிரெஞ்சுக்காரனைக் கண்டிருக்க மாட்டான். கண்டது மேசைக்குப் பின்னால் இருந்தவரைத்தான். கோபம் முழுக்க அவரிலதான். அவரும் பாவம்.”

கடைசிக் கேள்வி, அங்கே யுத்தம் எப்போது முடிந்தது என்று. நாற்பத்தைந்து ஓகஸ்டில் ஜப்பான்காரன் தோற்றான், ஒக்ரோபரில் லாவோஸ்காரர் தங்களுக்கென்று ஒரு அரசாங்கம் அமைத்தார்கள், அடுத்த வருஷமே பிரெஞ்சுக்காரன் படையும் துவக்குமாகத் திரும்பி வந்துவிட்டான் என்றாள். “முடிந்துவிட்டது என்று அவர்களும் யன்னலில் மெழுகுதிரி ஏற்றியிருப்பார்கள்” என்றாள். “அது பிழையில்லை. அன்றைக்கு முடிந்துதானே இருந்தது.”

வெளியே வந்தவளை நாங்கள் சூழ்ந்துகொண்டோம். “தெரியா கா” என்றாள். “முதல்ல சிரிச்சாங்க. பிறகு சிரிக்கல்ல.” அவளைத் திரும்ப உள்ளே கூப்பிட்டார்கள். அந்த நாளைய முறையில் ஆறு எடுத்தால் பாஸ், உச்சமான பதின்மூன்று கடவுளுக்கு மட்டும். நாயகிக்குப் பத்து.

எனக்கு எட்டு, அவளுக்குப் பத்து என்பது அந்த நேரத்தில் என் மனதில் படவேயில்லை. அன்று பின்னேரம்தான் பட்டது.

சென்சோர் நடைபாதைக்கு வந்து சிவபாலனின் கையைப் பிடித்துக் குலுக்கினார். “உங்கள் அப்பப்பாவுக்கும் ஒன்பது பிள்ளைகளுக்கும் என் மரியாதையைச் சொல்லுங்கள்” என்றார். ஒன்றும் விளங்காத சிவபாலன், “அவர் ஒரே தரத்தில் பாஸ் பண்ணினவர்” என்று டெனிஷில் அறிவித்தான். நாயகி அவனை ஒதுக்கமாகக் கூட்டிப்போய் நடந்ததைச் சொன்னாள். பாதிரியான இடத்தில் அவன் முகம் கறுத்தது. கதிரையான இடத்தில் அப்படியே நின்றான்.

“காணி இல்லாததையும் சொன்னனியோ?”

“சொன்னன்.”

“அப்ப சரி” என்றான். கண்ணைத் துடைக்கத் தொப்பியைக் கழற்றினான்.

வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகக் கொழும்பு வெள்ளவத்தையில் இருந்த தகப்பனுக்கு ரெலிபோன் எடுத்தான். எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டான். நான் அடுப்படி வாசலில் நின்றேன், இன்னும் முழுதாக மன்னிக்கப்படாதவள் நிற்க வேண்டிய இடத்தில்.

“அப்பா, அப்பப்பா டென்மார்க்கில சோதினை பாஸ்” என்று கத்தினான் சிவபாலன். பிறகு லாவோஸ், வியட்நாம், பாதிரி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னான்.

“எத்தினையாந் தரம்?” என்று மறுபக்கத்திலிருந்து கிழவரின் குரல் வந்தது.

“என்னப்பா?”

“உன்ர மனிசி எத்தினையாந் தரத்தில பாஸ்?”

“முதல் தரம். பத்து மாக்ஸ்.”

“அப்ப அவள் அவரிலும் பாக்கக் கெட்டிக்காரி” என்றார் கிழவர். “என்ர ஐயா மூண்டாந் தரம். ரெண்டு தரம் கோட்டை விட்டவர். ஒரே தரம் எண்டது ஊருக்குச் சொன்னது. யூலையில வாறியள்தானே, வாங்கோ, மிச்சத்தை நேரில சொல்லுறன்.”

சிவபாலன் ரெலிபோனை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தான். கோட்டு, தலைப்பாகை, குடை எல்லாம் அப்படியே இருந்தன. கஜந்தி வாயைப் பொத்திக்கொண்டாள். நாயகி சிரிப்பாள் என்று நான் எதிர்பார்த்தேன். ஒரு கிழமைச் சண்டையில் கிடைக்காத ஆயுதம் இப்போது தானாக வந்து கையில் விழுந்திருக்கிறது. அவள் சிரிக்கவில்லை. எழுந்து போய்ச் சாய்ந்திருந்த படத்தை நேராக்கினாள். கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். பிறகு அடுப்படி வாசலில் நின்ற என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“பாவம் மனுசன்” என்றாள். “அவருக்கும் ஆரோ ஒரு கோகிலாக்கா இருந்திருக்கா கா.”